மாப்பிள்ளைப் பகுதி கோல்ஃப் விளையாடிய மூன்று நாள்

பாரிஸில் ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ஒருவர் விமானம் ஏறுவதற்கு மூன்று காரணங்கள்தான் உண்டு: கலியாணம், பெண்பிள்ளைகளின் பூப்புச் சடங்கான சாமத்தியவீடு, செத்தவீடு. அதனால் எங்கே போகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. "ஆரிட்டைப் போறியள்?" என்றுதான் கேட்பார்கள். லண்டன் என்பது என் மனைவியின் தமையன் வீடு. ஒஸ்லோ என்பது என் ஒன்றுவிட்ட தங்கச்சி வீடு. கனடாவுக்கு மூன்று தரம் போன என் மனைவி நயாகரா அருவியைப் பார்த்தது ஒரே ஒரு தரம். அதுவும் சாமத்தியவீட்டுக்காரர் அல்பத்துக்குப் படம் எடுக்கப் போன வான் வண்டியில் ஓர் இடம் மிச்சம் இருந்தபடியால்.

ஆகவே 2016 ஆனி மாதத்தில் நாங்கள் அயர்லாந்துக்குப் போகிறோம் என்று நான் சொன்னபோது, ரூ காய் தெருவில் நான் வழமையாகச் சாமான் வாங்கும் கடைக்காரர் கத்தரிக்காய் நிறுப்பதை நிறுத்திவிட்டார்.

"அயர்லாந்தோ? அங்கை ஆர் அண்ணை இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"ஒருத்தரும் இல்லாத இடத்துக்கு என்னத்துக்குப் போறியள்?"

உண்மையைச் சொல்ல முடியாது. அந்தக் கடையில் ஒரு விசயத்தைச் சொன்னால், நான் மெத்ரோ பிடித்து, ரயில் மாறி, புறநகரான பியர்ஃபித்தில் வீட்டுக் கதவைத் திறப்பதற்குள் அது எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கும். சட்டைப் பைக்குள் மகன் அச்சடித்துத் தந்த தாள் ஒன்று இருந்தது. நாங்கள் போகும் பட்டினத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதில் எனக்கு விளங்கியவை கடற்கரை, கோல்ஃப் என்ற இரண்டு சொற்கள். கடற்கரை பார்க்கப் போகிறோம் என்றால் நம்ப மாட்டார்.

"கோல்ஃப் விளையாட" என்றேன்.

அவர் என் வயிற்றைப் பார்த்தார். நான் முகத்தை அசைக்கவில்லை. "நல்லதுதான் அண்ணை, நடக்க வேணும்தானே" என்று சொல்லி, கேட்காமலே ஒரு பிடி கறிவேப்பிலை அள்ளிப் போட்டார்.

உண்மை இதுதான். என் ஒரே மகன் தன் அலுவலகத்தில் வேலை செய்யும் ஐரிஷ் பெண்ணைக் கலியாணம் செய்யப் போவதாக இரண்டு வருடத்துக்கு முன்னர் சொல்லியிருந்தான். நான் அப்போது தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தேன். "உன்ரை விருப்பம்" என்றேன். எங்கள் வீடுகளில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பது பிரான்சில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். ஒரு மாதத்தில் வேறு வீடு பார்த்துப் போய்விட்டான். சண்டை எதுவும் இல்லை. கார் து லெஸ்ட் ரயில் நிலையத்துப் பக்கத்து ரெஸ்ரோறன்ற் ஒன்றின் குசினியில் இருபத்தேழு வருடம் நின்றவன் நான். தட்டுக் கழுவுவதில் தொடங்கி, சமையல்காரனானவன். சத்தம் போடுவதென்றால் எனக்கு நன்றாகவே வரும். ஆனால் வீட்டில் நான் சத்தம் போடாமல் கோபிப்பவன். அது இன்னும் மோசம் என்று மனைவி சொல்வாள்.

அதன் பிறகு மகன் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து போனான். 2016 பொங்கலுக்கு வந்தவன், எங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டிக்கு முன்னால் நின்று, "திறக்கலாமா?" என்று பிரெஞ்சில் மரியாதையாகக் கேட்டான். தண்ணீர் எடுப்பதற்கு. எட்டு வயதில் அதே பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்று என்னிடம் அடி வாங்கியவன். எனக்கு அழுகை வந்துவிட்டது. குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். திரும்பி வரும்போது என் மனம் மாறியிருந்தது.

மனைவியிடம் மட்டும் சொன்னேன்.

"அப்ப இப்பவே அவனிட்டைச் சொல்லுங்கோவன்" என்றாள்.

"முறை எண்டு ஒண்டு இருக்கு. பொம்பிளைப் பகுதியோடை கதைச்சு முற்றாக்கிப்போட்டுத்தான் சொல்லலாம்."

"அவன் உங்கடை மகன். பகுதியோ?"

மனைவி மகனுக்கு ரெலிபோன் எடுத்து, அப்பா ஒரு தரம் போய்ப் பார்க்கலாம் என்கிறார் என்று மட்டும் சொன்னாள். அவன் நாலு பேருக்கும் ரிக்கெற் போட்டான்.

முறை என்ன என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லா வில்லங்கமும் அதில்தான் தொடங்கியது. எங்கள் வீட்டு வழக்கப்படி, கலியாணப் பேச்சு முற்றாகும்வரை மாப்பிள்ளைப் பகுதி பெண் வீட்டில் சோறு தின்னாது. தேத்தண்ணி குடிக்கலாம். பலகாரத்தில் ஒரு கடி கடிக்கலாம். சோற்றில் கை வைத்தால் சம்மதம் என்று பொருள். அடுத்தது, கலியாணக் கதையை எடுக்க வேண்டியது பெண்ணின் தகப்பன். மாப்பிள்ளையின் தகப்பன் தானாக வாயைத் திறந்து கேட்டால், பொடியனில் ஏதோ பிழை இருக்கிறது, அதுதான் தள்ளிவிடப் பார்க்கிறார்கள் என்று பேச்சு வரும். என் தகப்பன் எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் காலை பத்து மணியிலிருந்து பின்னேரம் நான்கு மணிவரை பட்டினி இருந்து, மாமனார் கதையை எடுத்த பிறகுதான் இலையில் உட்கார்ந்தார்.

நானும் ஆயத்தமாகத்தான் போனேன். பெண்ணின் தகப்பன் கேட்டதும் உடனே தலையாட்டாமல், கொஞ்சம் யோசிக்கிற மாதிரி இருந்து, பிறகு சம்மதம் சொல்வதாகத் திட்டம். சொல்ல வேண்டிய வசனங்களையும் பாடமாக்கி வைத்திருந்தேன். கேள்வி ஒன்றுதான் அவர்கள் பக்கத்திலிருந்து வர வேண்டியிருந்தது.

டப்ளினில் இறங்கி நாட்டைக் குறுக்கே கடந்து நான்கு மணித்தியாலம் பஸ்ஸில் போனோம். மேற்குக் கரையில் சின்னப் பட்டினம். ஒரு நீண்ட வீதி, இரண்டு தேவாலயம், எண்ணி முடிக்காத மதுக்கடைகள், ஐஸ்கிரீம் கடை, வாளியும் மண்வெட்டியும் விற்கும் கடை. வீதி முடியும் இடத்தில் கடற்கரை. கடற்கரைக்கு மேலே மணல் திட்டுகளின் மீது பச்சையாக ஒரு கோல்ஃப் மைதானம். ஆனி மாதம் என்றபடியால் கடற்கரை நிறையச் சனம். எல்லோரும் குளிர் கோட் போட்டுக்கொண்டு மணல்வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். சிலர் அந்தக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கடலுக்குள் இறங்கினார்கள். கால் நீலமாகி வெளியே வந்து, அருமையாக இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொன்னார்கள். என் மனைவி சேலைக்கு மேல் தன் பனிக்கால ஜக்கற்றைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அவளை அங்கே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பெண்ணின் வீட்டில் எங்களுக்கு ஓர் அறை ஒழுங்கு செய்து, புதுப் படுக்கை விரிப்பு வாங்கிப் போட்டிருந்தார்களாம். பெண் வீட்டில் எப்படித் தங்குவது? முடியாது என்று மகனிடம் சொல்லி, காலைச் சாப்பாட்டோடு அறை வாடகைக்கு விடும் ஒரு அம்மாவின் வீட்டில் தங்கினோம். பெட்டிக்குள் ரைஸ் குக்கர் இருந்தது. பெண் வீட்டில் சாப்பிடாமல் நாலு நாள் சமாளிக்க வேண்டும் அல்லவா? போய்ச் சேர்ந்த அன்று மத்தியானம் அரிசி கொதித்து ஆவி மேலே போனதும் கூரையில் இருந்த புகைமணி அலறத் தொடங்கியது. வீட்டுக்கார அம்மா ஓடி வந்து, குக்கரைப் பார்த்து, என்னைப் பார்த்து, யன்னலைத் திறந்துவிட்டுப் போனார். யன்னலால் வந்த காற்றில் சோறு ஆறிப்போனது.

அன்று பின்னேரம் பெண் வீட்டுக்குப் போனோம். தகப்பன் இறைச்சிக்கடை வைத்திருந்து ஓய்வு எடுத்தவர். கதவுக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி உடம்பு. தாய் சின்ன உருவம், கண்ணாடி, கையில் எந்நேரமும் ஒரு துணி. மகனும் பெண்ணும் எங்களுக்கு இரண்டு பக்கமும் இருந்தார்கள். அவர்கள் பேசும் ஆங்கிலத்தை மகன் எனக்குப் பிரெஞ்சில் சொன்னான்.

மேசையில் செம்மறி ஆட்டுத் தொடை. உருளைக்கிழங்கு மூன்று விதமாக: அவித்தது, மசித்தது, சுட்டது. என் தொழில் சமையல் என்று தெரிந்து அந்த அம்மா காலையிலிருந்து அடுப்படியில் நின்றிருக்கிறார். அந்த இறைச்சியை நான் இப்போதும் மறக்கவில்லை. மேல் கொழுப்பு மொறுமொறுவென்று வெடித்து, உள்ளே சரியான பதம். எங்கள் குசினியில் அப்படி வந்தால் நானே தட்டை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போய்க் காட்டியிருப்பேன். வாய் ஊறியது. "வயிறு சரியில்லை எண்டு சொல்லு" என்று மகனிடம் சொன்னேன். என் மனைவி தன் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தனக்கும் வயிறு சரியில்லை என்று சொன்னாள்.

அந்த அம்மா எழுந்து போய் சூப் கொண்டு வந்தார். வேண்டாம் என்றேன். எங்களுக்காகவே சோறும் காய்ச்சியிருந்தார். அது கஞ்சிக்கும் களிக்கும் நடுவில் நின்றது. அதையும் வேண்டாம் என்றேன். கடைசியில் ஒரு இறப்பர்ப் பையில் சுடுதண்ணீர் நிரப்பி, துவாய் சுற்றிக் கொண்டுவந்து, வயிற்றில் வைக்கச் சொன்னார். மாப்பிள்ளையின் தகப்பன் என்ற மரியாதையோடு அதை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தேன். ஆறு கோப்பை தேத்தண்ணி குடித்தேன்.

பெண்ணின் தகப்பன் காலநிலை பற்றிக் கதைத்தார். இன்றைய மழை, நேற்றைய மழை, நாளைக்கு வரப்போகும் மழை. நான் காத்திருந்தேன். எங்கள் ஊரிலும் தகப்பன்மார் முதலில் மழையைப் பற்றித்தான் கதைப்பார்கள், அதற்குப் பிறகு தொண்டையைச் செருமிவிட்டு விசயத்துக்கு வருவார்கள். இவர் தொண்டையைச் செருமினார். நான் சுடுதண்ணீர்ப் பையை நேராக்கினேன்.

"நாளைக்குக் காலை உங்களைக் கோல்ஃப் விளையாடக் கூட்டிப் போகிறாராம்" என்று மகன் சொன்னான். "காற்று வயிற்றுக்கு நல்லதாம்."

கடையில் நான் சொன்ன பொய்யை மனைவி ரெலிபோனில் மகனுக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். மகன் அதைப் பகிடி என்று விளங்கிக்கொள்ளாமல், அப்பா வயது போன காலத்தில் கோல்ஃப் பழகுகிறார் போல என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறான். அவள் தகப்பனிடம் சொல்லியிருக்கிறாள். இப்போது மறுக்க முடியாது. மறுத்தால் பொய்க்காரன் ஆவேன்.

மறுநாள் காலை நானும் பெண்ணின் தகப்பனும் மட்டும் போனோம். பெண்ணும் மகனும் என் மனைவியைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனார்கள். அவருக்குப் பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாது. எனக்குப் பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில் யெஸ், நோ, குட், ரெயின் ஆகிய நான்கும் மிச்சம். அந்த நாட்டுக்கு அவை போதும்.

அவருக்கும் கோல்ஃப் தெரியாது என்பதை இரண்டாவது குழியிலேயே கண்டுகொண்டேன். குசினியில் புதிதாக வருபவனுக்குக் கத்தி பிடிக்கத் தெரியுமா என்பது ஒரு நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிடும். அவர் மட்டையை எலும்பு கொத்தும் கத்தி மாதிரிப் பிடித்தார். அடித்ததும் பந்து இருந்த இடத்திலேயே இருக்க, புல்லோடு ஒரு துண்டு நிலம் பறந்தது. நான் பெரிய சட்டியில் துடுப்புப் போடுகிற மாதிரிப் பிடித்தேன். என் பந்து பத்தடி உருண்டு நின்றது. "குட்" என்றார் அவர். "குட்" என்றேன் நான். மட்டைகள் கூட அயல்வீட்டுக்காரருடையவை, பையில் வேறு யாரோ ஒருவரின் பெயர் எழுதியிருந்தது. தெரியாத விளையாட்டுக்கு இவர் ஏன் என்னைக் கூட்டிக்கொண்டு வருகிறார் என்று யோசித்தேன். பிறகு விளங்கியது போல் இருந்தது. பெண் பகுதி என்னைச் சோதிக்கிறது. மாப்பிள்ளையின் தகப்பன் கோபக்காரனா, பொறுமைசாலியா என்று பார்க்கிறார்கள். நானும் பொறுமையைக் காட்டினேன்.

பதினெட்டுக் குழிகளுக்கு ஐந்து மணித்தியாலம். எங்களுக்குப் பின்னால் வந்த நான்கு வயதான பெண்கள் ஒரு குழியில் காத்து நின்று பார்த்தார்கள், பிறகு கையை அசைத்துவிட்டு எங்களைக் கடந்து போய்விட்டார்கள். ஒவ்வொரு குழியிலும் அவர் கதையை எடுப்பார் என்று நின்றேன். ஏழாவது குழியில் அவர் நின்று, கடலைக் காட்டி ஏதோ சொன்னார். ஒரு கப்பல் போய்க்கொண்டிருந்தது. நடுவழியில் ஒரு வாங்கில் உட்கார்ந்து பாணுக்குள் இறைச்சி வைத்த பொதியை அவிழ்த்து என்னிடம் நீட்டினார். வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். அவர் பொதியை மெதுவாகத் திரும்பச் சுற்றினார். தானும் சாப்பிடவில்லை.

இரண்டாம் நாள் மழை. அன்றைய விளையாட்டு நின்றுவிடும் என்று நினைத்தேன். அவர் இரண்டு மழைக்கோட்டோடு வாசலில் நின்றார். அந்த மழை மேலிருந்து விழவில்லை, பக்கவாட்டாக வந்தது. பன்னிரண்டாவது குழியில் அவர் மட்டையை ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்தார். கண் சிவந்திருந்தது. காற்றாக இருக்கலாம். இப்போது கேட்கப் போகிறார் என்று பாடமாக்கிய முதல் வசனத்தை வாய்க்குள் எடுத்து வைத்தேன்.

"ரெயின்" என்றார்.

"யெஸ்" என்றேன்.

எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. பெண்ணைப் பெற்றவருக்கு இவ்வளவு இறுமாப்பா? என் மகன் படித்தவன், நிரந்தர வேலை, குடிவெறி இல்லை. லாச்சப்பலில் எத்தனை வீட்டில் கேட்டு வந்தார்கள்! இந்த மனிதர் மூன்றாவது நாளும் கேட்காமல் என்னைப் புல்லுக்குள் நடத்தப் போகிறாரா?

அன்று பின்னேரம் அறையில் மனைவி கட்டிலில் இருந்து கால்களைத் தடவிக்கொண்டிருந்தாள். "கணுக்கால் மட்டும் கடலுக்குள்ளை இறங்கினனான். அந்தப் பிள்ளை என்ரை கையை விடேல்லை. வெளியிலை வர, நிலத்திலை குந்தியிருந்து தன்ரை துவாயாலை என்ரை கால் ரெண்டையும் துடைச்சு விட்டவள். விரலுக்கு இடையிலையும்."

"அவளின்ரை தகப்பன் வாய் திறக்கிறாரில்லையே."

கதவைத் தட்டி மகன் வந்தான். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. வெளியில் இன்னும் நல்ல வெளிச்சம். அவன் பிரெஞ்சில் பேசினான். நீங்கள் வந்ததற்கு நன்றி, அப்பா. அவர்கள் வீட்டில் தங்க மாட்டேன் என்றீர்கள். ஒரு வாய் சாப்பிடவில்லை. அவளுடைய அம்மா தன் சமையலில் என்ன பிழை என்று கேட்டுக்கொண்டு இரண்டு நாளாகச் சமையல் புத்தகம் பார்த்து வேறு வேறாகச் செய்கிறார். எனக்குப் பதில் விளங்கிவிட்டது. பரவாயில்லை. புரட்டாதியில் நாங்கள் இரண்டு பேரும் நகரசபையில், மெரியில் போய்க் கலியாணத்தைப் பதிகிறோம். நீங்கள் வர வேண்டும் என்று கேட்க மாட்டேன். திகதியும் சொல்ல மாட்டேன், சொன்னால் அம்மா அன்றைக்கு முழுக்க யோசிப்பா.

குளிர்ப்பெட்டியைத் திறக்கலாமா என்று கேட்ட அதே குரல். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பியிருப்பேன். "நான் சம்மதம் சொல்லத்தானேடா வந்தனான்" என்ற வசனம் தொண்டைவரை வந்தது. வெளியே வரவில்லை. எனக்குப் பதிலாக என் தகப்பன் உள்ளே குந்திக்கொண்டு வாயைப் பொத்திப் பிடித்த மாதிரி இருந்தது. மகன் தாயின் நெற்றியில் கொஞ்சிவிட்டுப் போனான்.

கதவு சாத்தியதும் மனைவி எழுந்தாள்.

"நாளைக்கு நீங்கள் கேக்கிறியள்."

"மாப்பிளைப் பகுதி கேக்கிறதோ? எங்கையாவது நடந்திருக்கோ?"

"உங்கடை முறையைப் பெட்டிக்குள்ளை வைச்சுப் பூட்டுங்கோ. எனக்கு இருக்கிறது ஒரு பிள்ளை. ரெண்டு வருசமாய் அவன் எங்கடை வீட்டுக்கு விருந்தாளி. இனி அதுவும் இல்லை."

இருபத்தொன்பது வருடத்தில் அவள் என்னோடு அப்படிக் கதைத்ததில்லை. ரைஸ் குக்கரைக் கழுவித் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள். எனக்குச் சோறு போடவில்லை.

மூன்றாம் நாள் வெயில் எறித்தது. இறைச்சிக்கடைக்காரருக்கு இரண்டு நாள் நிலம் கொத்தியதில் இடுப்புப் பிடித்துவிட்டது. அதனால் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு மகனும் கூட வந்தான். மூன்று பேரும் பத்துக் குழி நடந்தோம். பதினோராவதில் நான் பார்த்து அடிக்கவில்லை, மனத்தில் இருந்த கொதிப்பில் வீசினேன். பந்து என் வாழ்க்கையில் முதல் தடவையாக மேலே எழும்பியது. நன்றாகவும் எழும்பியது. மைதானத்தையும் மணல் திட்டையும் தாண்டிக் கடற்கரையில் போய் விழுந்தது.

"குட்" என்றார் அவர், உண்மையாகவே.

பந்து தேடிக் கடற்கரைக்கு இறங்கினோம். அந்தப் பக்கத்தில் சனம் இல்லை. அவர் குனிய முடியாமல் காலால் பாசியைக் கிளறித் தேடினார். மகன் பையை மணலில் வைத்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். இனி எட்டுக் குழியும் ஒரு விமானமும்தான் மிச்சம் என்று எனக்குத் தெரிந்தது. மட்டையைக் கீழே போட்டேன்.

"தம்பி, இஞ்சை வா. நான் சொல்லுறதை அவருக்கு அப்பிடியே சொல்லு. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

மகன் பயந்துபோய் என்னைப் பார்த்தான். அவரும் நிமிர்ந்து தொப்பியைக் கழற்றினார். அவர் முகம் வெளுத்திருந்தது.

பாடமாக்கிய வசனங்கள் ஒன்றும் உதவவில்லை, அவை எல்லாம் பதில்கள். வந்ததைச் சொன்னேன்.

"எங்கடை பக்கம் பொம்பிளையின்ரை தகப்பன்தான் முதல் கதைக்கிறது. நீங்கள் கேப்பியள் எண்டு நாலு நாளாய்ப் பாத்துக்கொண்டு நிண்டனான். கதைச்சு முற்றாக்க முதல் பொம்பிளை வீட்டிலை சோறு தின்னக் கூடாது எண்டது எங்கடை வழக்கம். உங்கடை மனுசியின்ரை சாப்பாட்டிலை ஒரு பிழையும் இல்லை. அந்த இறைச்சியைப் பாத்துக்கொண்டு இருந்த பாடு எனக்குத்தான் தெரியும். நான் வேண்டாம் எண்டு சொல்ல வரேல்லை. ஓம் எண்டு சொல்லத்தான் வந்தனான். பொங்கலிலை இருந்து ஓம்தான். இப்ப நானே கேக்கிறன். உங்கடை மகளை என்ரை மகனுக்குத் தாங்கோ."

மகன் மொழிபெயர்க்கவில்லை.

"சொல்லனடா."

அவன் கடலைப் பார்த்துத் திரும்பிவிட்டான். தோள் குலுங்கியது. இருபத்தெட்டு வயது ஆம்பிளை. எனக்கும் கண்ணெல்லாம் தண்ணீர், காற்று என்று இம்முறை சொல்ல மாட்டேன். அந்த மனிதர் ஒன்றும் விளங்காமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மறுத்துவிட்டேன் என்றே நினைத்துவிட்டார். தொப்பியை இரண்டு கையாலும் கசக்கினார்.

மகன் முகத்தைத் துடைத்துவிட்டு ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினான். நடுவில் இரண்டு தரம் நின்றான். அவன் சொல்லி முடித்ததும் அந்தப் பெரிய மனிதர் ஈர மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இருந்தபடியே நீளமாக ஏதோ சொன்னார். மகன் வழக்கமாக எனக்குப் பிரெஞ்சில் சொல்பவன், இதை ஏனோ தமிழில் சொன்னான். சொல் தேடித் தேடி, சின்னப் பிள்ளை மாதிரி.

"அவருக்கு கோல்ஃப் பிடிக்காதாம். நீங்கள் வேண்டாம் எண்டு சொல்லத்தான் வந்தனீங்கள் எண்டு நினைச்சவராம். வீட்டிலை இருந்தால் சொல்லிப்போடுவியள் எண்டு பயந்து... விளையாடிக்கொண்டு இருந்தால் சொல்ல மாட்டியள் எண்டு... அதுதானாம் ஒவ்வொரு நாளும் கூட்டிக்கொண்டு வந்தவர். இண்டைக்கு மழை பெய்தாலும் கூட்டிக்கொண்டு வந்திருப்பாராம்."

"அது சரி" என்றேன். "கேட்டதுக்குப் பதில் என்னவாம்?"

"அப்பா!"

"கேட்டால் பதில் சொல்ல வேணும். கேள்."

மகன் கேட்டான். அவர் என்னை அதிசயமாகப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு சொல் சொன்னார். அது எனக்குத் தெரிந்த நான்கில் ஒன்றுதான். ஆனாலும் நான் மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஓமாம்" என்றான்.

அவர் எழும்பப் பார்த்தார். இடுப்பு விடவில்லை. அந்த உடம்பை ஒரு ஆளால் தூக்க முடியாது. ஒரு கையை நான் பிடித்தேன், மற்றக் கையை என் மகன் பிடித்தான்.